நினைவும் ஒரு மூலாதாரமே: நோர்மண்டிக் கரையில் இறங்கிய காலாட்படை வீரன்

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
அலகு: இரண்டாம் உலக மகா யுத்தம்
பாடம்: படைவீரரின் நினைவுகளை மூலாதாரமாக வாசித்தல்



இரண்டாம் உலக யுத்தம் பற்றி எழுதச் சொன்னால் உங்களிற் பலர் ஆண்டுகளையும் தலைவர்களின் பெயர்களையும் பிழையின்றி எழுதிவிடுவீர்கள். அதற்குப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் ஒரு பந்தியைத் தந்து, "இதனை எழுதியவர் யார்? இதனை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்று வினவினால் பேனா நின்றுவிடுகிறது. பந்தியில் உள்ளதையே வேறு சொற்களில் திருப்பி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகின்றோம். புள்ளிகள் அங்கேதான் குறைகின்றன.

இப்பாடத்தில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அதனைத் தன் 19 ஆவது வயதில் நேரிற் கண்ட ஒரு காலாட்படை வீரனின் நினைவை வாசிப்போம். அந்த நினைவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்ப்போம். பின்னர், தன் நினைவை எழுதிவைக்க முடியாமற் போனவர்களின் வரலாற்றை எப்படி அறிவது என்ற வினாவுக்கு வருவோம்.

இப்பாடத்தின் முடிவில் நீங்கள்,
• நோர்மண்டித் தரையிறக்கத்தின் பின்னணியையும் விளைவுகளையும் விளக்குவீர்கள்.
• நினைவுக் குறிப்பொன்றின் பலத்தையும் வரம்பையும் எடுத்துக்காட்டுவீர்கள்.
• ஒரு மூலாதாரத்தை இன்னொன்றுடன் ஒப்பிட்டு முடிவுக்கு வருவீர்கள்.

1. பின்னணி

1939 செப்தெம்பர் 1 ஆம் திகதி ஜேர்மனி போலந்தைத் தாக்கியதுடன் ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியது. 1940 யூன் மாதத்தில் பிரான்ஸ் வீழ்ந்தது. 1941 யூன் மாதத்தில் ஜேர்மனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கியது. அதே ஆண்டு திசெம்பர் 7 ஆம் திகதி யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்க, ஐக்கிய அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியது.

யுத்தம் எங்கோ தூரத்தில் நடந்ததென்று எண்ண வேண்டாம். 1942 ஏப்ரில் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஹெர்மெஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எமது புத்தளத்திலும் பிரித்தானியக் கடற்படை ஒரு விமானத் தளத்தை வைத்திருந்தது. "ராஜாலிய" என்பது அதன் பெயர். அங்கே சேற்று நிலத்திலே போர் விமானங்களை இழுப்பதற்கு யானை பயன்படுத்தப்பட்டதைக் காட்டும் புகைப்படம் இன்றும் உள்ளது. அப்புகைப்படமும் ஒரு மூலாதாரமே.

ஐரோப்பாவில் ஜேர்மனியப் படையின் பெரும்பகுதியைச் சோவியத் படைகளே எதிர்த்து நின்றன. எனவே மேற்கிலும் ஒரு போர்முனை திறக்கப்பட வேண்டும் என ஸ்டாலின் தொடர்ந்து வற்புறுத்தினார். 1943 இன் இறுதியில் தெஹரான் மாநாட்டில் ரூஸ்வெல்ட், சேர்ச்சில், ஸ்டாலின் ஆகிய மூவரும் இதற்கு உடன்பட்டனர். பிரான்சின் வடகரையான நோர்மண்டி அதற்குரிய இடமாயிற்று.

2. தரையிறக்கம்: நினைவிற் கொள்ள வேண்டியவை

• திகதி: 1944 யூன் 6. முதலில் யூன் 5 ஆம் திகதியே தெரிவு செய்யப்பட்டது. காலநிலை சீரில்லாமையால் ஒரு நாள் பிற்போடப்பட்டது.
• உயர் தளபதி: அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவர். தரைப்படைகளை வழிநடத்தியவர் பிரித்தானிய ஜெனரல் மொன்ற்கொமரி. எதிர்த்தரப்பிற் கரையோரப் பாதுகாப்பைப் பலப்படுத்தியவர் ஜேர்மனிய பீல்ட் மார்ஷல் றொமெல்.
• கரைகள்: யூட்டா, ஒமாஹா, கோல்ட், யூனோ, சுவோர்ட் என ஐந்து. இவை இரகசியப் பெயர்கள். முதல் இரண்டும் அமெரிக்கப் படைகளுக்குரியவை. கோல்டும் சுவோர்டும் பிரித்தானியாவுக்கும் யூனோ கனடாவுக்கும் உரியவை.
• அளவு: அன்று ஒரே நாளில் சுமார் 156,000 படையினர் கடல் வழியாகவும் வான் வழியாகவும் இறங்கினர். ஏறத்தாழ 7,000 கப்பல்களும் படகுகளும் ஈடுபட்டன.
• விளைவு: மேற்குப் போர்முனை திறந்தது. 1944 ஓகஸ்ட் 25 ஆம் திகதி பாரிஸ் விடுவிக்கப்பட்டது. கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் முன்னேற, 1945 மே மாதத்தில் ஜேர்மனி சரணடைந்தது.

ஐந்து கரைகளிலும் கூடுதலான உயிரிழப்பு ஒமாஹாவிலேயே ஏற்பட்டது. கரைக்குப் பின்னால் உயர்ந்த மேடு. மேட்டின்மேல் இயந்திரத் துப்பாக்கிகள். நீருக்குள் படகுகளைக் கிழிக்கும் இரும்புத் தடைகளும் கண்ணிவெடிகளும் இருந்தன. எமது கரையிலே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. நோர்மண்டியிலோ அது ஆறு மீற்றர் வரை செல்லும். தடைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நீர் வற்றிய நேரத்தையே தளபதிகள் தெரிந்தெடுத்தனர். அதனால் படகிலிருந்து குதித்தவர்கள் மறைவே இல்லாத சுமார் 300 மீற்றர் ஈர மணலைக் கடக்க வேண்டியதாயிற்று. நூறு மீற்றர் ஓட்டப் பாதைகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அதிலே தோளிற் சுமையுடன், நனைந்த உடுப்புடன், எதிரே துப்பாக்கி சுட ஓட வேண்டும்.

3. ஒரு வீரனின் நினைவு

ஜோன் றொபேட் ஸ்லோட்டர் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து ரொனோக் நகரில் வளர்ந்தவர். குடும்பத்தில் வசதி குறைவு. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். 16 வயதில், அதாவது நீங்கள் இப்போது இருக்கும் வயதில், மாநிலக் காவற்படையிற் சேர்ந்தார். அப்படை பின்னர் 29 ஆவது காலாட்படைப் பிரிவின் ஒரு பகுதியாக யுத்தத்துக்கு அழைக்கப்பட்டது. 1942 இல் இங்கிலாந்துக்குச் சென்ற அப்பிரிவு, ஏறத்தாழ 20 மாதங்கள் அங்கே பயிற்சி பெற்றது. 1944 யூன் 6 ஆம் திகதி ஸ்லோட்டருக்கு வயது 19. அவர் 116 ஆவது படையணியின் 'டி' கம்பனியில் சார்ஜன்.

பிற்காலத்தில் அவர் பல நேர்காணல்களிலும், 2007 இல் வெளிவந்த தமது நூலிலும் அந்த நாளை விபரித்தார். அவர் கூறியவற்றின் சாரம் வருமாறு.

(அ) புறப்படுமுன்: தளபதி ஐசன்ஹோவரின் செய்தி அச்சிடப்பட்டு ஒவ்வொரு வீரனுக்கும் கொடுக்கப்பட்டது. ஸ்லோட்டர் தமது பிரதியிலே சுமார் 75 தோழர்களிடம் கையொப்பம் வாங்கினார். அதனைத் தண்ணீர் படாதபடி சுற்றித் தம்முடன் வைத்துக்கொண்டார். யுத்தம் முடியும்வரை அத்தாள் அவரிடம் இருந்தது. கையொப்பமிட்டவர்களுள் எல்லோரும் வீடு திரும்பவில்லை.

(ஆ) கடலில்: கரையிலிருந்து சுமார் 18 கிலோமீற்றருக்கு அப்பாலேயே பெரிய கப்பல்களிலிருந்து சிறு படகுகளுக்கு மாற வேண்டியிருந்தது. இருட்டு, குளிர், உயர்ந்த அலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எமது கடல் எப்படியிருக்கும் என்பது மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்த உங்களுக்குத் தெரியும். அத்தகைய கடலில், கடற்பழக்கம் இல்லாத இளைஞர்கள் மணிக்கணக்காகப் படகினுள் நின்றபடி வாந்தியெடுத்தனர். உடல் நனைந்து விறைத்தது. கரையை அடையுமுன்னரே பலர் களைத்துப் போயினர்.

(இ) கரையில்: அவருடைய படகு முதல் அலைக்குச் சிறிது பின்னரே கரையை நெருங்கியது. அதற்குள், முன்னே சென்ற 'ஏ' கம்பனி பெரும்பாலும் அழிந்திருந்தது. நீரிலேயே தோழர்கள் சுடப்பட்டு வீழ்வதைக் கண்டார். காயமடைந்தவனுக்கு உதவச் சென்ற மருத்துவ உதவியாளரும் சுடப்பட்டார். ஸ்லோட்டர் மிக உயரமானவர். தன்னை எளிதிற் குறிவைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. உடலைக் குனித்து ஓடி, கரையின் கற்சுவரை அடைந்தார்.

(ஈ) சுவரின் மறைவில்: துப்பாக்கியில் மணல் ஏறியிருந்தது. அதனைத் துப்புரவு செய்வதற்குத் தம் மழைக்கோட்டை நிலத்தில் விரித்தார். அப்போதுதான் கோட்டிலே குண்டுகள் துளைத்த ஓட்டைகளைக் கண்டார். ஓடும்போது அவருக்கு அது தெரியவே இல்லை. முழங்கால்கள் தளர்ந்தன. சிறிது நேரம் இருந்து தம்மைத் தேற்றிக்கொண்ட பின்னரே எழ முடிந்தது.

மாணவர்களே, (ஈ) பகுதியை இன்னொரு தடவை வாசியுங்கள். படைத் தலைமையகத்தின் எந்த அறிக்கையிலும் அந்த மழைக்கோட்டு இராது. "இத்தனை மணிக்கு இத்தனையாவது படையணி கரையை அடைந்தது" என்றுதான் அறிக்கை சொல்லும். தான் சாவுக்கு எவ்வளவு அருகில் இருந்தான் என்பதை ஒரு மனிதன் பின்னரே அறிந்துகொண்ட அந்தக் கணம், அவனது நினைவின் வழியாக மட்டுமே எமக்குக் கிடைக்கிறது. நினைவுக் குறிப்பின் பலம் இதுவே.

4. நினைவின் வரம்பு

ஒரு வீரன் தன் முன்னால் இருந்ததையே கண்டான். முழுக் கரையையும் அவன் காணவில்லை. தான் கண்டதற்குக் காரணம் என்ன என்பதும் அவனுக்கு அப்போது தெரியாது. ஓர் உதாரணத்தைப் பாருங்கள்.

ஒமாஹாவில் இறங்கிய பலரின் நினைவுகளில் ஒரே முறைப்பாடு வருகிறது. "விமானங்கள் கரையிலே குண்டு வீசிக் குழிகள் தோண்டிவைக்கும், நீங்கள் அவற்றிற் பதுங்கலாம் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஒரு குழியும் இல்லை" என்பதே அதன் கருத்து. விமானப்படை தங்களைக் கைவிட்டதாகவே அவர்கள் எண்ணினர்.

விமானப்படையின் ஆவணங்கள் காரணத்தைக் காட்டுகின்றன. அன்று காலை வானம் முகில் மூடியிருந்தது. விமானிகள் கருவிகளின் துணையுடனேயே குண்டு வீச வேண்டியிருந்தது. கரையை நெருங்கும் தமது படகுகளின்மேற் குண்டு விழுந்துவிடும் என்ற அச்சத்தால், குண்டுகளைச் சில வினாடிகள் தாமதித்து வீசுமாறு கட்டளை இடப்பட்டது. வேகமாகப் பறக்கும் விமானத்துக்குச் சில வினாடிகள் என்பது பெருந்தூரம். குண்டுகள் கரையைக் கடந்து உள்நாட்டு வயல்களில் விழுந்தன.

இங்கே எது உண்மை? இரண்டும் உண்மை. குழி இல்லை என்பது வீரனின் சாட்சி. ஏன் இல்லை என்பது ஆவணத்தின் சாட்சி. முதலாவதை மட்டும் வாசித்தால் விமானிகளை அநியாயமாகக் குற்றம் சாட்டுவோம். இரண்டாவதை மட்டும் வாசித்தால், அந்தச் சில வினாடிகளின் விலையை மணலில் நின்றவன் செலுத்தினான் என்பதை மறந்துவிடுவோம்.

எண்ணிக்கைகளுக்கும் இது பொருந்தும். அன்று இறந்த நேச நாட்டுப் படையினர் சுமார் 2,500 பேர் என்றே நீண்டகாலமாக நூல்கள் கூறின. வேர்ஜீனியா மாநிலத்தின் பெட்போர்ட் என்னும் சிறிய ஊரிலே ஒரு தேசிய நினைவகம் உள்ளது. அவ்வூர் அந்த ஒரே நாளிற் சுமார் 20 இளைஞர்களை இழந்தது. நினைவகத்தை அமைக்கப் பாடுபட்டவர்களுள் ஸ்லோட்டரும் முக்கியமானவர். 2001 இல் அது திறக்கப்பட்டது. அதன் ஆய்வாளர்கள் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். முடிவில் 4,400 இற்கும் மேற்பட்ட பெயர்கள் உறுதியாயின. தோழர்களின் பெயர்களை ஒரு தாளிற் சேர்த்துவைத்த இளைஞன், முதுமையில் எல்லோரது பெயரும் பொறிக்கப்படுவதற்கு உழைத்தான். 2012 இல் அவர் காலமானார்.

நினைவுக் குறிப்பை வாசிக்கும்போது கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்:
1. யார் சொல்கிறார்? (தளபதியா, சாதாரண வீரனா, பொதுமகனா?)
2. எப்போது சொல்கிறார்? (அன்றே எழுதியதா, பல ஆண்டுகளின் பின்னரா?)
3. எங்கிருந்து கண்டார்? (நேரிற் கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா?)
4. வேறு எந்த மூலாதாரத்துடன் ஒப்பிடலாம்? (அறிக்கை, கடிதம், புகைப்படம், எதிர்த்தரப்பின் குறிப்பு.)

ஸ்லோட்டரின் விடயத்தில் இரண்டாவது வினாவைப் போட்டுப் பாருங்கள். அவர் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டபோது 60 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நேரம், தூரம் போன்றவற்றில் நினைவு பிசகலாம். ஆனால் கையொப்பமிட்ட தாள் அன்றையது. நினைவைத் தாங்கி நிற்கும் பொருட் சான்று அது.

5. எழுதிவைக்காதவர்களின் நினைவு

ஸ்லோட்டரை எமக்குத் தெரிகிறது. காரணம் அவர் பேசினார், எழுதினார், அவரைக் கேட்பதற்கு ஆட்கள் இருந்தனர். 1994 இல், 50 ஆவது ஆண்டு நிறைவின்போது, அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் அவருடன் ஒமாஹாக் கரையில் நடந்தார். எல்லாப் படைவீரருக்கும் அத்தகைய வாய்ப்புக் கிடைத்ததா? இதனை அறிய, தமிழ் பேசும் படைவீரர் பங்குபற்றிய வேறொரு தரையிறக்கத்தைப் பார்ப்போம். இது முதலாம் உலக யுத்தத்தில் நடந்தது.

1914 நவம்பர் தொடக்கத்தில், அன்று ஜேர்மனியின் குடியேற்ற நாடாக இருந்த கிழக்கு ஆபிரிக்காவின் தங்காத் துறைமுகத்துக்கு அருகில் (இன்றைய தன்சானியா) பிரித்தானிய இந்தியப் படை சுமார் 8,000 பேர் இறங்கினர். தளபதி மேஜர் ஜெனரல் எய்ற்கன். அப்படையில் 63 ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்ற அணியும் இருந்தது. சென்னை மாகாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்த அணி அது.

அவர்கள் ஒக்டோபர் நடுப்பகுதியிற் பம்பாயிலிருந்து புறப்பட்டவர்கள். நெருக்கமான கப்பல்களில் வாரக்கணக்காகக் கடல் நோயுடன் வந்தார்கள். ஓய்வில்லை, இறங்கும் இடம் பற்றிய சரியான தகவலும் இல்லை. தரையிறங்குமுன்னரே ஒரு பிரித்தானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்குச் சென்று, போர்நிறுத்த உடன்பாடு முடிந்துவிட்டதென்று ஜேர்மனியருக்கு அறிவித்தது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்தி ஜேர்மனியத் தளபதி லெற்றோ-வோர்பெக் புகையிரதத்தில் தமது படையைக் கொண்டுவந்தார். நவம்பர் 4 ஆம் திகதிச் சண்டையில், எண்ணிக்கையிற் சுமார் 1,000 பேரே கொண்ட அவரது படை வென்றது. சண்டைக்கு நடுவே கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. பாளையங்கோட்டை அணி நிலைகுலைந்து பின்வாங்கியது. மறுநாள் முழுப் படையும் கப்பல்களுக்குத் திரும்பிற்று. இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாகப் பிரித்தானியத் தரப்பின் இழப்பு 800 இற்கும் மேல்.

இத்தோல்வி பற்றி உலகம் அதிகமாக வாசித்தவை இரு குறிப்புகள். ஒன்று, வென்ற தளபதி லெற்றோ-வோர்பெக்கின் நினைவு நூல். மற்றையது, படையில் உளவு அதிகாரியாக இருந்த மைனெற்சகன் என்பவரின் நாட்குறிப்பு. இந்திய வீரரை அவர் கடுமையாக இகழ்கின்றார். ஆனால் அவரது நாட்குறிப்புகளின் நம்பகத்தன்மை பற்றிப் பிற்கால ஆய்வாளர்கள் வலுவான ஐயங்களை எழுப்பியுள்ளனர்.

இப்போது நான்கு வினாக்களையும் இங்கே கேளுங்கள். யார் சொல்கிறார்? அதிகாரிகள். யாரைப் பற்றி? கூலிக்குறைந்த சிப்பாய்களைப் பற்றி. தோல்விக்குத் திட்டமிடலிற் குறை இருந்தால், பழியைக் கீழே உள்ளவன்மேற் போடுவது மேலே உள்ளவனுக்கு வசதி. பாளையங்கோட்டைச் சிப்பாய் ஒருவன் ஸ்லோட்டரைப் போல நூல் எழுதியிருந்தால், அவனும் தன் மழைக்கோட்டு ஓட்டையைப் பற்றிச் சொல்லியிருப்பான். "ஓடினார்கள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பசியும் கடல்நோயும் வழி தெரியாத காடும் இருந்தன என்பதை நாம் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

கவனிக்க: "ஓடவே இல்லை" என்று எழுதுவதும் தவறு. எமது மொழி பேசியவர்கள் என்பதற்காக நடந்ததை மாற்ற முடியாது. ஏன் நடந்தது என்று கேட்பதும், சொல்பவர் யாரென்று பார்ப்பதுமே வரலாற்று மாணவரின் வேலை.

6. எமது கரை

மூலாதாரங்கள் வெளிநாட்டு நூல்களில் மட்டும் இல்லை. போர்க்காலத் தரையிறக்கம் ஒன்று எமது மாவட்டத்திலேயே நடந்தது. அதிலே வந்தவர்கள் படையினர் அல்லர். கையில் ஆயுதமும் இல்லை.

1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் குழந்தைகளுடனும் முதியோருடனும் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முதல் தங்குமிடங்களாயின. பின்னர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் முகாம்களும் புதிய குடியிருப்புகளும் தோன்றின. 2009 இல் யுத்தம் முடிந்த பின் சிலர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே வேரூன்றினர்.

இதனை வாசிக்கும் உங்களுட் சிலர் அந்தப் படகுகளில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வேறு சிலரின் உம்மும்மா, அம்மம்மா அன்று கரையில் நின்று வந்தவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள். அன்று 19 வயதாக இருந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். எந்தப் பொருளைக் கையில் எடுத்து வந்தார்? எதை விட்டு வந்தார்? கரையில் முதலிற் கண்டது யாரை? அறிக்கைகளில் 75,000 என்ற எண் இருக்கிறது. இந்த வினாக்களின் விடை அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. கேட்பார் இல்லையெனில் அது அவர்களுடனேயே போய்விடும்.

செயற்பாடு: உங்கள் வீட்டில் அல்லது அயலில் உள்ள மூத்தவர் ஒருவரின் போர்க்கால நினைவைப் பதிவு செய்க. பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க.
• முதலில் அனுமதி கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.
• நீங்கள் குறைவாகப் பேசுங்கள். இடையில் திருத்த வேண்டாம்.
• சொன்னவரின் வயது, அன்று இருந்த இடம், பதிவு செய்த திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
• அக்காலத்துக் கடிதம், புகைப்படம், அட்டை ஏதும் உண்டா எனப் பாருங்கள்.
• அவர் விரும்பினால் மட்டும் பெயரை எழுதுங்கள்.
• ஒரே நிகழ்ச்சி பற்றி வேறொரு சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடமும் கேட்டு ஒப்பிடுங்கள்.

7. மாதிரி வினாக்கள்

பகுதி அ: குறுவினாக்கள்
1. நோர்மண்டித் தரையிறக்கம் நடைபெற்ற திகதியை எழுதுக.
2. நேச நாடுகளின் உயர் தளபதி யார்?
3. தரையிறக்கம் நடந்த ஐந்து கரைகளுள் அமெரிக்கப் படைகளுக்குரிய இரண்டையும் பெயரிடுக.
4. மேற்கில் இன்னொரு போர்முனை திறக்க உடன்பாடு காணப்பட்ட மாநாடு எது?
5. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இலங்கையிற் குண்டு வீசப்பட்ட இரு நகரங்களை எழுதுக.

விடைகள்: 1. 1944 யூன் 6. 2. ஜெனரல் ஐசன்ஹோவர். 3. யூட்டா, ஒமாஹா. 4. தெஹரான் மாநாடு. 5. கொழும்பு, திருகோணமலை.

பகுதி ஆ: அமைப்பு வினா
பிரிவு 3 இல் உள்ள ஸ்லோட்டரின் நினைவை வாசித்து விடை எழுதுக.
(i) ஒமாஹாக் கரையில் இறங்கிய வீரர் எதிர்நோக்கிய இடர்கள் மூன்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(ii) இந்நினைவு ஏன் பெறுமதியான மூலாதாரம் எனக் காட்டும் காரணங்கள் இரண்டை விளக்குக. (4 புள்ளிகள்)
(iii) "படைவீரரின் நினைவை மட்டும் கொண்டு ஒரு சமரின் வரலாற்றை எழுத முடியாது." உதாரணம் தந்து ஆராய்க. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்பு:
(i) கொந்தளித்த கடலும் கடல்நோயும். நீருக்குள் இருந்த தடைகளும் கண்ணிவெடிகளும். மேட்டிலிருந்து வந்த இயந்திரத் துப்பாக்கிச் சூடு. மறைவற்ற நீண்ட மணற்பரப்பு. இவற்றுள் ஏதேனும் மூன்று.
(ii) நேரிற் கண்டவரின் சாட்சி என்பதை முதலில் எழுதுக. அறிக்கைகளில் இடம்பெறாத அச்சம், களைப்பு, தோழமை ஆகியவற்றை அது காட்டுகிறது என்பதை அடுத்து எழுதுக. மழைக்கோட்டை அல்லது கையொப்பத் தாளை உதாரணமாகத் தந்தால் முழுப் புள்ளி பெறலாம்.
(iii) வீரன் கண்டது தன் முன்னால் இருந்ததை மட்டுமே. குண்டுக் குழிகள் பற்றிய முறைப்பாட்டையும் விமானப்படை ஆவணத்தையும் ஒப்பிடுக. காலம் செல்ல நினைவு பிசகலாம் என்பதையும், எழுதும் வாய்ப்புப் பெற்றவர்களின் நினைவே எஞ்சும் என்பதையும் தங்கா உதாரணத்துடன் சேர்த்து எழுதுக. முடிவாக, நினைவும் ஆவணமும் ஒன்றையொன்று திருத்தி நிரப்ப வேண்டும் என்று கூறி விடையை நிறைவு செய்க.

இறுதியாக ஒன்று. (iii) ஆம் வினாவுக்கு விடை எழுதும்போது "நம்பலாம்" அல்லது "நம்ப முடியாது" என்ற ஒரு சொல்லுடன் நிறுத்த வேண்டாம். எதற்கு நம்பலாம், எதற்கு நம்ப முடியாது என்று பிரித்து எழுதுங்கள். புள்ளி வழங்குபவர் எதிர்பார்ப்பது அதையே. பரீட்சை முடிந்த பின்னும், யாராவது ஒருவர் யுத்தத்தைப் பற்றி உங்களிடம் கதை சொல்லும்போது, பொறுமையாகக் கேட்பதற்கும் இப்பழக்கம் உதவும்.